ஊர் கடந்த இல்லறமும் சிராவக அறமும்
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அருகப் பெருமான் திருவடிகள் வாழ்க.



தமிழ்ச் சமணர் என்றதும் மனக்கண்ணில் எழுவன தமிழகத்தின் வடபகுதிச் சிற்றூர்களே. திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி, செய்யாறு, ஆரணி, போளூர் வட்டாரங்களில் ஏரிக்கரையும் நெல்வயலும் மணிலாக் கொல்லையுமாக அமைந்த ஊர்கள் அவை. ஊர் நடுவே ஜினாலயம். அதைச் சுற்றி நயினார் வீடுகள். விடியலில் அபிஷேக மணியோசை. அந்தியில் விளக்கேற்றும் முன்பே முடிந்துவிடும் உணவு. நூற்றாண்டுகளாக இந்த வாழ்க்கை ஊரோடு ஒட்டி நின்றது. ஊர் இருந்ததால் அறம் நின்றதா, அறம் இருந்ததால் ஊர் நின்றதா என்று பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை அன்று எவருக்கும் நேரவில்லை.

இன்று அந்தத் தேவை நேர்ந்திருக்கிறது. படிப்பும் பணியும் பிள்ளைகளைச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் அழைத்துச் சென்றுவிட்டன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் வாழும் ஜைனர் 89,265 பேர். இராஜஸ்தானத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்து குடியேறியோரும் இந்த எண்ணிக்கையுள் அடங்குவர். மாநிலத்தின் மொத்த மக்கள் 7 கோடியே 21 இலட்சம் பேர். ஆயிரம் பேர் கூடிய இடத்தில் ஒருவர் சமணர் என்ற அளவே இது. சென்னை போன்ற பெருநகரத்தில் அந்த ஒருவருக்கு ஜினாலயமும் சங்கமும் உறவினரும் உண்டு. ஆனால் பணி அவரை வேறோர் ஊருக்கு மாற்றினால் அவருடைய நாள்கள் எவ்வாறு கழியும்?

வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, அரசு அலுவலகத்திலோ வங்கியிலோ பள்ளியிலோ சிமெண்ட் ஆலையிலோ பணி ஏற்று, பெரம்பலூரில் வாடகை வீட்டில் குடியிருக்கும் இல்லறத்தார் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அவருக்குப் பெயர் வேண்டுவதில்லை. இம்மலரைப் படிக்கும் குடும்பம் எதுவாயினும் அதில் இப்படி ஒருவர் இருப்பார்.

வடக்கு என்பது எது?

பெரம்பலூர் மாவட்டம் 1995ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது. அரியலூர் மாவட்டம் ஒருமுறை தோன்றி, மீண்டும் பெரம்பலூரோடு இணைந்து, 2007ஆம் ஆண்டு நவம்பரில் நிலையாகத் தனி மாவட்டமாயிற்று. 2011 கணக்கின்படி இரு மாவட்டங்களிலும் சேர்த்து 13 இலட்சத்து 20 ஆயிரம் மக்கள். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரி நிலம் ஒருபுறம். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் மறுபுறம்.

இங்கே குடிவந்த இல்லறத்தாரிடம் அண்டை வீட்டார் முதலில் கேட்பது, "ஜெயின் என்கிறீர்களே, சேட்டுகளா? வடக்கத்தியவர்களா?" என்பதே. வினவுவோரிடம் குற்றமில்லை. கடைத்தெருவில் அவர்கள் கண்ட ஜைனர், மார்வாடி வணிகர் மட்டுமே. "வடக்குதான், ஆனால் வந்தவாசி வடக்கு. தாய்மொழி தமிழ்தான்" என்று அவர் விடை கூறுவார். அந்த ஒரு விடையில் ஈராயிரம் ஆண்டு வரலாற்றைச் சொல்லிவிட முடியாது. ஆயினும் அவருடைய வாழ்க்கை அதைச் சொல்லக்கூடும். அவர் எதை உண்கிறார், எப்போது உண்கிறார், எவ்வுயிருக்கு இரங்குகிறார், விடுமுறை நாளில் எங்கே செல்கிறார் என்பவற்றைப் பார்த்தே அண்டை வீட்டார் தமிழ்ச் சமணத்தை அறிந்துகொள்கின்றனர். ஊரில் ஜினாலயம் ஆற்றிய பணியை இங்கே ஒரு குடும்பம் ஆற்றவேண்டியிருக்கிறது.

உடையார்பாளையத்தில் கிடைத்த அடைக்கலம்

வடக்கிலிருந்து இந்நிலத்திற்கு வந்து வாழ்ந்த சிராவகர்களுள் இன்றைய இல்லறத்தார் முதல்வர் அல்லர். அரியலூர் மாவட்டத்து உடையார்பாளையம் தமிழ்ச் சமண மரபில் நன்றியோடு நினைக்கத்தக்க ஊர். அவ்வரலாறு 1906ஆம் ஆண்டு வெளிவந்த தென் ஆர்க்காடு மாவட்ட விவரச்சுவடியில் பதிவாகியுள்ளது, மயிலை சீனி. வேங்கடசாமி அவர்களின் 'சமணமும் தமிழும்' நூலிலும் இடம்பெற்றுள்ளது.

செஞ்சிப் பகுதியில் சமணர்க்கு நேர்ந்த பெருந்துன்பத்தை மரபு கி.பி. 1478 என்று குறிக்கும். மணவுறவு பற்றிய பூசலில் சினங்கொண்ட செஞ்சித் தலைவன் சமணரைக் கொல்ல ஆணையிட்டான் என்றும், சிலர் உயிர் துறந்தனர், சிலர் ஊரை விட்டு ஓடினர், சிலர் புறத்தே வேறு சமயச் சின்னம் தரித்து உள்ளத்தே அருகனை வழிபட்டனர் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

அவ்வாறு மறைந்து வாழ்ந்தவருள் ஒருவர் அந்திப்பொழுதில் நீர்நிலை ஒன்றின் கரையில் நீரை வடிகட்டிக்கொண்டிருந்தார். அந்தச் செயலே அவரைச் சமணர் என்று காட்டிக்கொடுத்தது. காவலர் பிடித்துச் சென்றனர். தலைவனுக்கு மகப்பேறு வாய்த்த மகிழ்ச்சியான வேளையாதலால் அவர் உயிர் பிழைத்தார். பிழைத்தவர் சிரவணபெளகொளம் சென்று, நூல்களைக் கற்று, துறவு பூண்டு வீரசேனாசாரியர் ஆனார்.

அதே காலத்தில் திண்டிவனம் பகுதியைச் சேர்ந்த தாயனூர்க் காங்கேய உடையார் தெற்கே ஓடி வந்து உடையார்பாளையம் பாளையக்காரரிடம் அடைக்கலம் புகுந்தார். பாளையக்காரர் அவரை ஆதரித்து நிலமும் அளித்தார். உயிருக்கு அச்சமில்லை, உழுதுண்ண நிலமும் உண்டு. அவர் அங்கேயே நிலைத்துவிட்டிருந்தால் குறை கூற எவருமில்லை. ஆனால் அவர் சிரவணபெளகொளத்திற்குப் பயணமானார். வீரசேனாசாரியரைக் கண்டு உடன் அழைத்துவந்தார். சிதறியிருந்தோர் மீண்டும் அறநெறியில் சேர்க்கப்பட்டனர். இதன்பொருட்டுத் தாயனூர் உடையார் குடும்பத்தார்க்குச் சமூக நிகழ்ச்சிகளில் முதல் மரியாதை வழங்கும் வழக்கம் தோன்றிற்று.

இவ்வரலாற்றில் இருவர் இருக்கின்றனர். ஒருவர் உயிர் போகும் நிலையிலும் நீரை வடிகட்டிய எளியவர், பழக்கத்தைக் காத்தவர். மற்றவர் அயல்நாட்டில் நிலமும் பாதுகாப்பும் பெற்றவர். வசதியைப் பெற்றும் வேரை மறவாதவர். முன்னவர் மட்டும் இருந்திருந்தால் அறம் ஒரு துறவியோடு நின்றிருக்கும். பின்னவர் மட்டும் இருந்திருந்தால் நிலம் மட்டும் மிஞ்சியிருக்கும். இருவரும் சந்தித்ததால்தான் இன்றும் வடபகுதி ஜினாலயங்களில் அபிஷேகம் நடக்கிறது.

இன்று நகரில் வாழும் தமிழ்ச் சமணர் காங்கேய உடையாரின் நிலையில் இருக்கின்றனர். பகையால் அன்றிப் பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு வந்தவர்கள் இவர்கள். வசதி கிடைத்திருக்கிறது. நீர் வடிகட்டியவரின் பழக்கம் அவர்தம் இல்லத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி.

ஆறு கடமைகளும் ஒரு நாளும்

சிராவகர்க்கு நாள்தோறும் ஆறு கடமைகள் விதிக்கப்பட்டுள்ளன. தேவபூஜை, குருவைப் போற்றுதல், நூல் ஓதுதலாகிய சுவாத்தியாயம், புலனடக்கமாகிய சம்யமம், தவம், தானம் என்பன அவை. பெரம்பலூரில் அலுவலகம் செல்லும் ஒருவர் இவற்றை எவ்வாறு நிறைவேற்றக்கூடும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது பயனுடையது.

தேவபூஜைக்கு அவர் வீட்டுக்கு அருகே ஜினாலயம் இல்லை. வடக்கே நெடுஞ்சாலை வழியாக உளுந்தூர்ப்பேட்டை சென்று, அங்கிருந்து திருநறுங்கொண்டை அப்பாண்டைநாதர் ஆலயத்தை அடையலாம். பார்சுவநாதரும் சந்திரப்பிரபரும் எழுந்தருளிய பழமையான தலம் அது. அரியலூரில் இருப்பவர்க்குத் தஞ்சை, கும்பகோணம் ஜினாலயங்கள் அணிமையானவை. நாள்தோறும் செல்ல இயலாது. திங்களுக்கு ஒருமுறை இயலும். மற்ற நாள்களில் வீட்டின் ஒரு மூலையில் சிறு படிமமும் பஞ்ச நமஸ்காரமும் போதும். கூடத்தில் தொலைக்காட்சிக்கு இடம் ஒதுக்கும் குடும்பம் அந்த மூலைக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறதா என்பதில்தான் வேறுபாடு தொடங்குகிறது.

குருவைப் போற்றும் வாய்ப்பு இவ்வூரில் அரிது. ஆயினும் திகம்பர முனிவர் வாகனம் ஏறார். நடந்தே விகாரம் செய்வர். சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலையின் மேல் பெரம்பலூர் அமைந்திருக்கிறது. முனிசங்கம் அவ்வழி வரும் நாளில் ஆகாரதானம் செய்ய ஒரு குடும்பமேனும் இங்கே ஆயத்தமாயிருத்தல் வேண்டும். காய்ச்சிய நீர், தூய அடுக்களை, ஒன்பது வகைப் பக்தியோடு எதிர்கொள்ளும் முறை ஆகியவற்றை அறிந்த பெண்மணி ஒருவர் வீட்டில் இருந்தால், வாடகை வீடும் அன்று தலமாகும்.

சுவாத்தியாயம் பற்றிப் பேசும்போது இம்மண்ணோடு தொடர்புடைய ஒரு பெரியவரை நினைவுகூர்வது பொருத்தம். உ.வே. சாமிநாதையர் இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் வாழ்ந்து தமிழ் பயின்றவர். பின்னாளில் அவர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்டபோது, நூலிலுள்ள சமண சமயக் கருத்துகள் அவருக்கு விளங்கவில்லை. அவற்றைத் தெளிவித்தவர்கள் கும்பகோணத்தில் வாழ்ந்த சந்திரநாத செட்டியார் முதலிய சமண இல்லறத்தார். அவர்கள் அன்றாட வாழ்க்கையினூடே சிந்தாமணியைப் பாடமாகவும் பாராயணமாகவும் போற்றி வந்த குடும்பத்தினர். 1887ஆம் ஆண்டு வெளிவந்த அப்பதிப்பு தமிழுலகத்திற்குக் கிடைத்ததில், நகரில் வாழ்ந்த சில சிராவகக் குடும்பங்களின் சுவாத்தியாயத்திற்குப் பங்குண்டு. அவர்களைத் தேடிவந்து ஒருவர் வினவியபோது விடை கூற அவர்களால் முடிந்தது. பெரம்பலூரில் வாழும் இல்லறத்தாரிடம் அவர் மகனின் நண்பன் வந்து, உங்கள் சமயத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டால் விடை கிடைக்க வேண்டும். அருங்கலச்செப்பைப் போன்ற சிறு நூல் ஒன்றை நாளுக்கு ஒரு பாடல் வீதம் தந்தையும் மகனும் சேர்ந்து படிப்பது அரிய காரியம் அன்று.

அடுக்களையும் அந்திப்பொழுதும்

சம்யமமும் தவமும் நகர வாழ்க்கையில் அடுக்களையிலேயே சோதிக்கப்படுகின்றன.

பெரம்பலூர் சின்ன வெங்காயத்திற்குப் பெயர்பெற்ற மாவட்டம். அறுவடைக் காலத்தில் களங்களிலும் பட்டறைகளிலும் அதன் மணமே நிறைந்திருக்கும். வெங்காயமும் பூண்டும் கிழங்கும் விலக்கிய குடும்பம் இவ்வூரில் விருந்துக்குச் செல்லும்போது இலையின் முன் தயங்க நேர்கிறது. சாம்பார், பொரியல், துவையல் எதிலும் வெங்காயம் இருக்கும். அன்போடு பரிமாறும் வீட்டாரின் மனம் புண்படாமல் விலக்குவதும் ஓர் அகிம்சையே. "இன்று விரதம்" என்று பொய் கூறித் தப்புவதைவிட, "எங்கள் வழக்கம் இது" என்று இன்சொல்லால் விளக்குவது சத்திய அணுவிரதத்திற்கும் பொருந்தும். ஒருமுறை விளக்கிவிட்டால் அடுத்த முறை அவ்வீட்டார் தயிர்ச்சோறும் வாழைக்காய்ப் பொரியலும் தனியே எடுத்துவைத்துக் காத்திருப்பதைப் பலரும் கண்டிருப்பர். கிழங்கை விலக்குவதன் காரணத்தையும் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். மண்ணுக்குள் விளையும் கிழங்கு எண்ணற்ற நுண்ணுயிர்களுக்கு ஒரே உடல் என்பது ஆகமம். காரணம் அறியாத விலக்கு விடுதி வாழ்க்கையின் முதல் மாதத்திலேயே உதிர்ந்துவிடும்.

அடுத்தது இரவுணவு. பெரம்பலூரில் கதிரவன் மறையும் நேரம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ மாலை 5.45 மணிக்கும் 6.45 மணிக்கும் இடையே அமைகிறது. அதற்கும் இரு நாழிகை, அதாவது 48 நிமிடம் முன்னதாக உணவை முடிப்பது முறை. அலுவலகம் 5.45 மணிக்கு முடிகிறது. பிள்ளைகளின் தனிப்பயிற்சி வகுப்பு 8 மணி வரை நீள்கிறது. ஊரில் இயல்பாக நடந்தது இங்கே முயன்று செய்ய வேண்டியதாகிறது. சிலர் மாலை உணவை அடுக்குப் பாத்திரத்தில் அலுவலகத்துக்கே எடுத்துச் செல்கின்றனர். சிலர் இரவில் தானிய உணவை மட்டும் விலக்கிப் பாலும் பழமும் கொள்கின்றனர். சிலர் அட்டமி, சதுர்த்தசி நாள்களில் மட்டும் முழுமையாகக் கடைப்பிடிக்கின்றனர். முழு விரதம் இயலாதவர் அதை அறவே கைவிட வேண்டுவதில்லை. ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு அதில் பிறழாதிருப்பதே அணுவிரதத்தின் இலக்கணம்.

நீர் வடிகட்டுதலும் அத்தகையதே. ஊர்க் கிணற்றில் இறைத்த நீரை இரட்டைத் துணியில் வடித்து, துணியில் தங்கிய உயிர்களை அதே கிணற்றில் மென்மையாக விடுவது பாட்டிமார் கண்ட முறை. வடித்த நீருக்கு 48 நிமிடமும், கொதிக்கக் காய்ச்சிய நீருக்கு 24 மணி நேரமும் எல்லையாக வகுக்கப்பட்டுள்ளன. இன்று நீர் குழாயில் வருகிறது, அல்லது கேனில் வருகிறது. எந்த ஆழ்துளைக் கிணற்றின் நீர் அது என்று தெரியாதபோது, வடித்த உயிர்களை எங்கே திருப்பி விடுவது? இதற்கு முழு விடை நகரத்தில் இல்லை. ஆயினும் குழாயின் வாயில் ஒரு துணியைக் கட்டுவதும், தேவைக்கு மேல் நீரைத் திறந்துவிடாதிருப்பதும் எவராலும் இயலும். கேன் நீரை அருந்தும் பேரனுக்கு அந்தத் துணி எதற்கு என்று விளக்கும்போது, செஞ்சிக் காலத்தில் நீர்நிலைக் கரையில் பிடிபட்டவரின் வரலாற்றையும் சொல்ல வேண்டும். அவ்வரலாற்றைக் கேட்ட பிள்ளைக்கு அது வெறும் துணியாகத் தோன்றாது.

தொழிலும் துன்புறுத்தாமையும்

அரியலூர் வட்டாரம் முன்னொரு காலத்தில் கடலாக இருந்த நிலம். காரைப் பகுதிப் பள்ளங்களில் கடல்வாழ் உயிர்களின் தொல்லுயிர்ப் படிவங்கள் காணக் கிடைக்கின்றன. சாத்தனூரில் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுப் பழமையுடைய கல்மரம் கிடக்கிறது. 1940ஆம் ஆண்டு அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை உலகறியச் செய்தார். 18 மீட்டர் நீளமுள்ள அம்மரத்தைக் காணப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்ல வேண்டும். மரத்தை ஓரறிவுயிர் என்று வகுத்த நெறியில் பிறந்த பிள்ளை, கல்லாகிவிட்ட அவ்வுயிரின் முன் நின்று, பிறவிகளின் நீளத்தையும் காலத்தின் பரப்பையும் எண்ணிப் பார்க்கும்.

அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லே இன்று சிமெண்ட் ஆகிறது. தமிழக அரசின் ஆலை 1979ஆம் ஆண்டு அரியலூரில் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர்த் தனியார் ஆலைகள் பல எழுந்தன. அவற்றில் கணக்கராகவும் பொறியாளராகவும் பணிபுரியும் சிராவகர்க்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. நிலத்தை அகழும் தொழிலைச் சிராவகர் கொள்ளத்தகாத தொழில்களுள் ஒன்றாகச் சாத்திரங்கள் எண்ணுகின்றனவே, இப்பணி தகுமா என்பது அவ்வையம்.

இம்சையை நான்காகப் பகுத்துக் காட்டியுள்ளனர் ஆசாரியர்கள். கொல்லும் எண்ணத்தோடு செய்வது சங்கல்ப இம்சை. சமைத்தல், துப்புரவு செய்தல் போன்ற இல்லறச் செயல்களில் நேர்வது ஆரம்ப இம்சை. பிழைப்புத் தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை. தற்காப்பில் நேர்வது விரோத இம்சை. இவற்றுள் முதலாவதை இல்லறத்தார் அறவே விலக்க வேண்டும். ஏனையவற்றை இயன்ற மட்டும் குறைக்க வேண்டும். ஆகவே அவர் செய்யத்தக்கது, தம் மேசைக்கு வரும் ஒவ்வொரு கோப்பிலும் குறைப்பதற்கு வழி உண்டா என்று பார்ப்பதே. தூசியைக் கட்டுப்படுத்தும் கருவி பழுதானால் உடனே சரிசெய்யச் சொல்வதும், அகழ்ந்து முடித்த பள்ளத்தின் கரையில் மரம் நடும் பணியை முன்னின்று நடத்துவதும், வடமாநிலச் சிற்றூர்களிலிருந்து வந்து உழைக்கும் தொழிலாளர்க்கு நிழலும் குடிநீரும் கிடைக்கிறதா என்று கவனிப்பதும் அவருக்குச் சீவதயையே. அந்தத் தொழிலாளரும் வடக்கே ஒரு கிராமத்தை விட்டு வந்தவர். அவரும் இங்கே அயலார். ஒரு காலத்தில் உடையார்பாளையம் அளித்த அடைக்கலத்தின் கடனை அத்தொழிலாளரிடம் திருப்பிச் செலுத்தலாம்.

ஊரில் எரியும் விளக்கு

பெரம்பலூரிலிருந்து வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூருக்குப் பேருந்தில் ஏறத்தாழ நான்கைந்து மணி நேரப் பயணம். பண்டிகைக்கும் திருமணத்துக்கும் சென்று வருவார் இல்லறத்தார். செல்லும்போதெல்லாம் தெருவில் பூட்டிய வீடு ஒன்று கூடியிருக்கும். நிலம் குத்தகைக்குப் போயிருக்கும். ஜினாலயத்தில் உபாத்தியாயர் தனியாக அபிஷேகம் செய்துகொண்டிருப்பார். கைகூப்பி நிற்க இரண்டு மூத்தோர் இருப்பர். ஆண்டுத் திருவிழாவில் தேர் இழுக்க ஆள் குறையாது. குறைவது ஏனைய நாள்களில்தான். ஆலயம் திருவிழாவினால் மட்டும் வாழ்வதில்லை. நாள்தோறும் ஏற்றும் விளக்கினால் வாழ்கிறது.

விளக்கு அணைந்தால் என்ன நேரும் என்பதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஜெயங்கொண்டம் பகுதியில் பழங்காலத் தீர்த்தங்கரர் திருமேனிகள் உள்ளன. ஒரு காலத்தில் அங்கே பள்ளியும், பூசித்த சிராவகரும் இருந்திருக்க வேண்டும். இன்று பூசை செய்வோர் மரபு அவ்வூரில் இல்லை. கல் நின்றது, குடும்பங்கள் நிற்கவில்லை. அரியலூரில் வாழும் சிராவகர் அத்திருமேனியின் முன் நிற்கும்போது தம் சொந்த ஊர் ஜினாலயத்தின் எதிர்காலத்தையும் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியாது.

ஜெயங்கொண்டத்தை அடுத்தது கங்கைகொண்ட சோழபுரம். முதலாம் இராசேந்திரன் தன் கங்கை வெற்றியின் நினைவாக எழுப்பிய தலைநகர் அது. அந்த வடதிசை வெற்றியை விரித்துரைக்கும் புகழ்பெற்ற கல்வெட்டு ஒன்று போளூரை அடுத்த திருமலையில், சமணர் மலையில் இருக்கிறது. குந்தவைப் பிராட்டியின் பெயரால் விளங்கும் குந்தவை ஜினாலயத்திற்கு, நன்னப்பயன் என்னும் வணிகரின் மனைவி சாமுண்டப்பை நந்தா விளக்கும் திருவமுதும் வைத்ததைக் கூறும் கல்வெட்டு அது. பேரரசனின் வெற்றிகளெல்லாம் அக்கல்லில் மெய்க்கீர்த்தியாக முன்னே நிற்கின்றன; அக்கல் வெட்டப்பட்ட காரணமோ ஓர் இல்லறப் பெண் அளித்த விளக்குக் கொடை.

அந்தப் பேரரசனின் அரண்மனை இன்று மாளிகைமேட்டில் அகழ்ந்தெடுத்த செங்கல் அடித்தளமாகக் கிடக்கிறது. திருமலையில் நேமிநாதர்க்கு வழிபாடு இன்றும் நடக்கிறது. சாமுண்டப்பை அரசி அல்லள். ஒரு வணிகனின் மனைவி. இயன்றதைச் செய்தாள். அது ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் பேசப்படுகிறது.

செய்யத்தக்கவை

தானம் என்னும் ஆறாவது கடமை இங்கே தன் இடத்தைப் பெறுகிறது. நகரில் ஊதியம் பெறும் ஒவ்வொரு குடும்பமும் தன் சொந்த ஊர் ஜினாலயத்தில் ஆண்டுக்கு ஒரு திங்கள் விளக்கு எண்ணெயையும் அபிஷேகச் செலவையும் ஏற்றுக்கொண்டால், பன்னிரண்டு குடும்பங்கள் ஓர் ஆலயத்தை ஆண்டு முழுவதும் காக்கும். உபாத்தியாயரின் பிள்ளைகள் படிப்புக்கு உதவுவதும் இதனுள் அடங்கும். அவர் வறுமையால் ஊரை விட்டு அகன்றால் எண்ணெய் இருந்தும் ஏற்றுவாரில்லை. பணம் அனுப்புவதோடு நின்றுவிடாமல், கோடை விடுமுறையில் பிள்ளைகளைப் பத்து நாளேனும் ஊரில் தங்கவைத்து, விடியலில் அபிஷேக நீர் எடுத்துக் கொடுக்கப் பழக்குவது அதனினும் சிறந்தது.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் உள்ள சில குடும்பங்கள் திங்களுக்கு ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடிச் சாமாயிகமும் நூலோதலும் செய்யலாம். ஆண்டுக்கொருமுறை ஜெயங்கொண்டத் திருமேனியைச் சென்று வணங்கி, அவ்வூரார்க்கு அவர் யாவர் என்பதைப் பணிவோடு எடுத்துரைக்கலாம். உரிமை கோர வேண்டுவதில்லை; போற்றும் ஊராரோடு சேர்ந்து தாமும் போற்றினால் போதும். தசலட்சணப் பர்வத்தின் பத்து நாள்களிலேனும் அந்திக்கு முன் உண்ணும் விரதத்தைக் குடும்பம் முழுவதும் ஏற்கலாம்.

ஊரை விட்டு வந்தவர் அனைவரும் ஊருக்குத் திரும்பிவிடப் போவதில்லை. திரும்ப வேண்டும் என்று கட்டளையிடுவதும் முறையன்று. காங்கேய உடையாரும் தென்னாட்டில் நிலம் பெற்றவரே. அவரை மரபு நன்றியோடு நினைப்பது, நிலம் பெற்ற பின்னும் அவர் சிரவணபெளகொளத்திற்கு நடந்தார் என்பதற்காக. இன்றைய இல்லறத்தார்க்கு அத்தனை தொலைவு நடக்க வேண்டுவதில்லை. அடுக்களையில் ஒரு துணி, மாலையில் ஒரு வேளை, திங்களில் ஒரு பயணம், ஆண்டில் ஒரு விளக்கு. இவற்றைக் கைவிடாத குடும்பம் பெரம்பலூரில் வாழ்ந்தாலும் வந்தவாசியில் வாழ்ந்தாலும் அங்கே சிராவக அறம் நிற்கும்.

நற்காட்சியும் நன்ஞானமும் நல்லொழுக்கமும் எல்லா இல்லங்களிலும் பெருகுக. எவ்வுயிரும் இன்புற்று வாழ்க.